வலியைப் பார்க்கச் சொன்னார்கள்

வலியைப் பார்க்க வேண்டுமாம். அதைக் கேட்டதுமே கத்திரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வலி என்ன சினிமாவா, உக்காந்து பாக்குறதுக்கு?” என்று கேட்டாள்.

மருத்துவமனை மாடியில் எக்ஸ்ரே அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் இருந்த சின்ன அறை அது. உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த இடத்தைக் காலி செய்து, பச்சை பெயின்ட் அடித்து, பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, கதவில் ‘வலியோடு வாழப் பழகுவோம்’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அந்த வாசகமே அவளுக்குப் பிடிக்கவில்லை. வலியோடு வாழ, அவள் என்ன அதற்குக் கழுத்தை நீட்டியா வந்தாள்? ஏற்கெனவே ஒருவனுக்கு நீட்டியது போதாதா?

பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருந்ததாலும், வாய் அதைவிடக் கூர்மை என்பதாலும் தெருவே சேர்ந்து அவளுக்கு வைத்த பெயர் கத்திரி. அந்தக் கத்திரியின் வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் இப்போது இரண்டு குச்சிகள் மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன. உள்ளே வைத்த கம்பியை எடுத்தாயிற்று, தையலும் ஆறிவிட்டது. மடங்கத்தான் மாட்டேன் என்கின்றன. முடி வெட்டுகிறவளுக்குக் கட்டைவிரலும் மோதிர விரலும் இல்லாவிட்டால் கத்திரிக்கோல் வெறும் இரும்பு. ஒரு வளையத்தில் அது, இன்னொரு வளையத்தில் இது. சுண்டுவிரலை வைத்துக்கொண்டு யார் தலையையும் தொட முடியாது.

விரல்களை மடக்கிப் பழக்கும் பிசியோ கண்டிப்பான ஆள். சிரிக்காமலே பேசுவார். “உள்ள காயம் ஆறும்போது நரம்பு எலும்போட ஒட்டிக்கும்மா. ஒட்டுறதுக்கு முன்னாடி தினம் மடக்கி எடுக்கணும். விட்டுட்டா அப்புறம் மறுபடியும் கத்தி வைக்கணும், அதுலயும் உறுதி கிடையாது. உங்க இடது கையை நம்பாதீங்க, வலிச்சா அது தானா விட்டுடும். வீட்ல வேற யாராவது மடக்கட்டும்.”

வீட்டில் வேறு யார்? கணவன்தான். விரலை நசுக்கிய அதே மகராசன்.

அவன் வீட்டுத் தரகன். போன் காதோடு ஒட்டிப் பிறந்தவன். அன்று மாலை கடையை மூடும் நேரத்தில் ஷட்டரின் கொக்கியில் ஒரு கையும் போனில் ஒரு கையுமாக நின்றான். “இருங்க, மிதியடியை உள்ள தள்ளிடறேன்” என்று சொல்லிக் குனிந்தாள். “ம்” என்றான். அது போனில் இருந்தவருக்குச் சொன்ன ‘ம்’. ஷட்டர் இறங்கியது. அவள் போட்ட அலறலில் எதிர்க்கடைக்காரர் ஓடி வந்தார். அப்போதுதான் இவன் திரும்பிப் பார்த்தான்.

விபத்து என்றார்கள். டாக்டர் அப்படித்தான் எழுதினார், அக்கம்பக்கம் அப்படித்தான் சொன்னது. மேல் மாடியில் குடியிருக்கும் அவனுடைய அக்கா, கத்திரிக்கு அண்ணி, ஒரு படி மேலே போய், “ஷட்டர் இறங்குறப்ப கையை வைப்பாங்களா யாராச்சும்?” என்று கேட்டாள். அவன் ஒன்றுமே சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான், மருந்து வாங்கினான், பாத்திரம் கழுவினான், துணி காயப்போட்டான். ‘நான் பார்க்கவில்லை’ என்ற ஒரு வார்த்தை மட்டும் அவன் வாயிலிருந்து வரவில்லை. கத்திரியின் நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தது அதுதான்.

இந்த நிலையில் வலியைப் பார்க்கச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

தியானம் சொல்லித்தர வந்தவளுக்குக் கத்திரியைவிட வயது குறைவு, கடுமையான ஜலதோஷம் வேறு. கைக்குட்டையில் மூக்கைச் சிந்திவிட்டு, “சினிமான்னு சொல்லலைங்க” என்றாள். “வலி வந்ததும் நாம என்ன பண்றோம்? உடம்பை முறுக்கிக்கிறோம், மூச்சைப் பிடிச்சுக்கிறோம், ஐயோ இது போகவே போகாதோன்னு நினைக்கிறோம். வலி ஒரு பங்கு, அதுக்கு மேல நாம ஏத்துறது ஒரு பங்கு.”

“அப்ப தப்பு என்னுதுங்கறீங்க.”

“தப்புன்னு சொல்லலை.”

“நான் ஏத்துறேன்னு சொன்னீங்களே! நானா ஷட்டரை இழுத்தேன்?”

முதுகுவலிக்கு வந்திருந்த ஒரு பெரியவர், கண்ணைத் திறக்காமலே, “கொஞ்சம் அமைதியா இருந்தா நல்லா இருக்கும்” என்றார். “உங்க வலியை நீங்க பாருங்க” என்று அவர் வாயை அடைத்தாள் கத்திரி.

சொல்லித்தருபவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. “வலி போயிடும்னு நான் சொல்ல மாட்டேங்க. அப்படி யாராவது சொன்னா நம்பாதீங்க. வலி இருக்கும். அதோட சண்டை போடுற சக்தி கொஞ்சம் மிச்சமாகும், அவ்வளவுதான்.”

“கோபத்தையும் விடணுமா?”

“விடச் சொல்லலை. அது எங்க இருக்குன்னு பாருங்க, போதும்.”

“விடச் சொன்னாலும் விட மாட்டேன்” என்றாள் கத்திரி. ஆனாலும் பொய் சொல்லாதவள் என்று அவளைப் பற்றி மனதில் ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. அதை வெளியில் காட்டிக்கொள்ளாமல் விறைப்பாகவே கிளம்பி வந்தாள்.

வீட்டில் விரல் மடக்கும் வேலை கேலிக்கூத்தாகத்தான் நடந்தது. காலை டீ முடிந்ததும் சாப்பாட்டு மேஜையில் துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் கையை வைப்பாள். அவன் எதிரில் உட்கார்ந்து, தீயைத் தொடப் போகிறவன் மாதிரி விரலைப் பிடிப்பான். அழுத்துவான். அவள் அலறுவாள். அலறியதும் கையை விட்டுவிட்டு எழுந்து போய் ஜன்னலைத் திறப்பான், தண்ணீர் குடிப்பான். “இன்னைக்கு இது போதும்” என்பான். போதுமா இல்லையா என்று யார் அவனைக் கேட்டது? பிசியோ அளவு பார்க்கும்போது விரல்கள் போன வாரம் நின்ற இடத்திலேயே நின்றன. “வீட்ல மடக்குறீங்களா, சும்மா தடவிக் கொடுக்குறீங்களா?” என்று கேட்டார். கத்திரிக்கு அவமானமாகப் போயிற்று. கடைக்கு வாடிக்கையாக வருகிறவர்கள் போன் செய்து எப்போது திறப்பீர்கள் என்று கேட்கும்போதெல்லாம் சீக்கிரம், சீக்கிரம் என்று சொல்லிச் சொல்லி நாக்கே தேய்ந்துவிட்டது.

வேறு வழியில்லாமல்தான் உட்கார்ந்தாள். படுக்கையறையில் முதுகுக்குத் தலையணை வைத்து, கையை மடியில் போட்டு, கண்ணை மூடினாள். மேலே அண்ணி நாற்காலியை இழுக்கும் சத்தம். மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. இதில் என்ன இருக்கிறது, பிறந்ததிலிருந்து அப்படித்தானே போய் வருகிறது என்று நினைத்தாள். இடது கையால் மோதிர விரலை லேசாக அழுத்தினாள். வலி வந்தது. சரி வா, உன்னைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

முதலில் தெரிந்தது வலி இல்லை, பல். தாடை இறுகியிருந்தது. தோள் காது வரைக்கும் ஏறியிருந்தது. மூச்சு எங்கேயோ நின்றுபோயிருந்தது. விரலில் வலி என்றால் தோளுக்கு என்ன வந்தது? தோளை இறக்கினாள். அப்புறம் விரலுக்குப் போனாள். மூட்டில் ஒரு எரிச்சல். அங்கிருந்து புறங்கை வழியாக மணிக்கட்டு வரைக்கும் கயிறு கட்டி இழுக்கிற மாதிரி ஒரு இழுப்பு. அதுவும் ஒரே மாதிரி இல்லை, ஏறியது, இறங்கியது, ஒரு கணம் காணாமல்கூடப் போனது. இவ்வளவுதானா என்று இருந்தது. அந்த ‘இவ்வளவுதானா’ முடியும் முன்னால் அடுத்தது வந்தது: பாவி, திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே. உடனே மார்பு சூடாகி, தாடை மறுபடியும் இறுகி, விரல் பழையபடி சுரீர் என்றது.

கண்ணைத் திறந்துவிட்டாள். அந்த ஜலதோஷக்காரி சொன்னது உண்மைதான் போலிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டி வந்ததில் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

ஆனாலும் தினமும் உட்கார்ந்தாள். கோபம் போகவில்லை. போக வேண்டும் என்று அவளும் கேட்கவில்லை. வலி வேறு, கோபம் வேறு, இனி மடங்காமலே போய்விடுமோ என்ற பயம் வேறு என்று மூன்றையும் பிரித்துப் பார்க்கக் கைவந்தது. மூன்றும் ஒன்றாக விழும்போதுதான் தாங்கவில்லை. தனித்தனியாக நின்றால், வலியை மட்டும் எப்படியோ தாங்க முடிந்தது.

ஒரு காலை அவன் அழுத்தியபோது அவள் அலறவில்லை. மூச்சை விட்டாள். விரலுக்குள் எரிச்சல் எழும்பியது, கயிறு இழுத்தது, கண்ணில் நீர் வந்தது, அவள் தன் இடத்தில் இருந்தாள். “இன்னும்” என்றாள். அவன் அழுத்தினான். “இன்னும்.” விரல் கொஞ்சம் இறங்கியது. அந்த வாரம் அளவு பார்த்த பிசியோ முதல்முறையாகச் சிரித்தார். “இப்படியே போனா கத்திரிக்கோல் பிடிச்சிடலாம்” என்றார். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது கத்திரி காற்றில் கட்டைவிரலையும் மோதிர விரலையும் ஒன்றுக்கொன்று தொட வைத்துப் பார்த்தாள். தொடவில்லை. ஆனால் நெருங்கியிருந்தன. பக்கத்தில் நின்றவர் முறைப்பதைப் பார்த்துக் கையை இறக்கினாள்.

இதோடு கதை முடிந்திருந்தால் அந்தப் பச்சை அறைக்கு ஒரு மாலை வாங்கிப் போட்டிருப்பாள். முடியவில்லை. அவள் அலறாமல் இருந்ததுதான் வினையாகப் போயிற்று.

இரண்டு நாள் கழித்து அவன் வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். “இப்ப வலியே இல்லைங்க. தியானம் பண்ணிச் சரியாயிருச்சு. கையைப் பிடிச்சு மடக்கினா சும்மா சிலை மாதிரி உக்காந்திருக்கா.” குரலில் எவ்வளவு நிம்மதி! பெரிய பாரத்தை இறக்கி வைத்தவன் மாதிரி காலை ஆட்டிக்கொண்டு பேசினான். கேட்டுக்கொண்டே துணி மடித்த கத்திரிக்கு வயிறு எரிந்தது. வலியே இல்லையாமே! யார் சொன்னது இவனிடம்? ஒரு நாள் கேட்டானா?

மறுநாள் அண்ணி இறங்கி வந்தாள். “பாத்தியா, எல்லாம் மனசுதான். நான் அன்னைக்கே சொன்னேன், நீதான் ஆஸ்பத்திரியையே ரெண்டாக்குற மாதிரி கத்துனே. அவன் முகம் அப்ப எப்படி இருந்துச்சு தெரியுமா? இப்பதான் கொஞ்சம் தெளிஞ்சிருக்கான்.”

“அவரு முகம் தெளியறதுக்குத்தான் நான் தியானம் பண்றேனா அண்ணி?”

“இதுதான் உன்கிட்ட. நல்லது சொன்னாலும் பாயற.”

“விரலைக் கொண்டாங்க, உங்களுதையும் ஷட்டர்ல வச்சுப் பாப்போம். எல்லாம் மனசுதானே?”

அண்ணி முகத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறிவிட்டாள். கத்திரிக்கு ஆறவில்லை. அடிபட்டபோது கத்தினால் ஊரைக் கூட்டுகிறாள் என்றார்கள். கத்தாமல் இருந்தால் வலியே இல்லை என்கிறார்கள். அப்படியானால் வலிக்கிறது என்று ஒரு பெண் எந்த மொழியில்தான் சொல்வது?

அதற்கு அப்புறம் விரல் மடக்குவது அவனுக்குப் பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது. வந்து உட்காருவான். இடது கையில் போன், வலது கையில் அவள் விரல். போனில் யாரோ யாரையோ ஏமாற்றி விழவைக்கும் வீடியோ ஓடும், பார்த்துச் சிரிப்பான். சிரிப்பு வரும்போது விரலில் அழுத்தம் கூடும், முடியும்போது குறையும். “போனை வைங்க” என்று சொல்லிப் பார்த்தாள். “ரெண்டு நிமிஷம், இதைப் பாத்துக்கிட்டேதான் மடக்குறேனே” என்றான். அவள் மூச்சைப் பார்த்தாள், கோபத்தைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள். அந்தக் கூட்டத்தில் விரலைப் பார்க்க அவள் ஒருத்திதான் இருந்தாள்.

அன்று காலை வீடியோவில் என்ன ஓடியதோ, அவன் உடம்பு குலுங்கச் சிரித்தான். சிரித்த வேகத்தில் கை கீழே இறங்கியது. கத்திரி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எரிச்சல் தெரியும், கயிறு தெரியும், அவளுக்குப் பழக்கமானவை. இது வேறு. மூட்டுக்குள் மெல்லிய கூரான ஏதோ ஒன்று கிழிவது மாதிரி. பார்த்துப் பழகியதால்தான் அந்தக் கணமே வித்தியாசம் தெரிந்தது.

“நிறுத்துங்க” என்றாள்.

குரல் சாதாரணமாக இருந்தது. அவன் நிறுத்தவில்லை.

“நிறுத்துங்கன்னேன்.”

“ம்” என்றான் அவன்.

இடது கை எப்போது எழுந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. போன் பறந்து போய் ஃபிரிட்ஜில் மோதிக் கீழே விழுந்தது. வீடியோ விழுந்த இடத்தில் கிடந்து சிரித்துக்கொண்டே இருந்தது.

“பைத்தியமா உனக்கு?” என்று எழுந்தான்.

“நிறுத்துன்னு ரெண்டு தடவை சொன்னேன்!”

“வலிச்சா கத்த வேண்டியதுதானே? கத்துனா தெரியும். இப்படிச் சும்மா உக்காந்திருந்தா எனக்கு என்ன ஜோசியமா தெரியும்?”

“கத்துனாதான் தெரியுமா உனக்கு? அன்னைக்கும் கத்துன பிறகுதான் தெரிஞ்சுது!”

அந்த வீடியோ முடிந்துவிட்டது.

“அது விபத்து” என்றான். வழக்கமாக ஊர் சொல்வதை முதல்முறையாக அவன் வாயாலேயே சொன்னான்.

“விபத்துதான். நீ வேணும்னு பண்ணலை, எனக்கும் தெரியும். ஆனா பாக்காம இழுத்தது நீ. இன்னைக்குப் பாக்காம மடக்குனதும் நீ. வலியைப் பாரு பாருன்னு என்னைப் பிடிச்சு அனுப்புனீங்களே எல்லாரும், நான் பாக்குறேன், தினம் பாக்குறேன். நீ ஒரு நாளாவது பாத்தியா?”

அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். “பாக்க முடியலை” என்றான். “அந்த விரலைப் பாத்தா வயித்தைப் புரட்டுது. ஷட்டர் சத்தம் காதுல கேக்குது. அதான் போனைப் பாக்குறேன். நீ கத்தாம இருந்ததும், அப்பாடா, வலி போயிருச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்.”

“நினைச்சுக்கிட்டே. கேக்கலை.”

இந்த இடத்தில் அவள் மனம் இளகியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் கத்திரியைத் தெரியாதவர்கள். இளகவில்லை. இவனுக்கு வயிறு புரளக் கூடாது என்பதற்காக இவளுடைய விரல் போக வேண்டுமா? கோபம் மார்பில், கழுத்தில், காதுமடலில் சூடாக நின்றது. அவள் அதையும் பார்த்தாள். அது எங்கேயும் போவதாக இல்லை. வலியைப் போலக் கோபமும் ஏறி இறங்கும் என்று பச்சை அறையில் சொல்லியிருந்தார்கள். இறங்கும் வரைக்கும் காத்திருக்க அவளுக்கு நேரமில்லை. கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு பிசியோவிடம் கிளம்பினாள். அவன் பின்னாலேயே செருப்பை மாட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

பிசியோ விரலை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தார். “நரம்பு அறுந்து போகலை” என்றார் கடைசியில். “பிசகியிருக்கு. சரியான நேரத்துல நிறுத்தியிருக்கீங்க. இன்னும் ஒரு அழுத்து அழுத்தியிருந்தா கதை வேற.” பிறகு அவன் பக்கம் திரும்பினார். “நீங்கதானே மடக்குறது? இவங்க கத்துறாங்களா, சும்மா இருக்காங்களான்னு அதை வச்சு அளக்காதீங்க. மடக்கும்போது மூட்டு மேல இருக்குற தோல் வெளுக்கும், பாத்திருக்கீங்களா?”

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான்.

“வெளுக்க ஆரம்பிச்சதும் மெதுவாப் போகணும். முழுசா வெளுத்துட்டா அங்கேயே நிறுத்திப் பிடிக்கணும். கண்ணை அங்கேருந்து எடுக்கவே கூடாது.”

வீக்கம் வடியும் வரை விரலைத் தொட வேண்டாம் என்று அனுப்பினார். அந்த நாட்களில் வீட்டில் பேச்சு சாப்பாட்டோடு நின்றது. அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, “அக்கா, நீ மேல போ” என்று அவன்தான் சொன்னான். அதற்காக அவள் ஒன்றும் உருகிவிடவில்லை. அதை எப்போதோ சொல்லியிருக்க வேண்டும்.

வீக்கம் வடிந்த அன்று காலை அவளாக மேஜையில் துண்டை மடித்துப் போட்டுக் கையை வைத்தாள். அவன் வந்து உட்கார்ந்தான். போன் வேறு அறையில் அடித்துக்கொண்டிருந்தது, அவன் எழவில்லை. விரலைப் பிடித்தான். கண் ஜன்னல் பக்கம் ஓடியது.

“இங்க” என்றாள் கத்திரி.

கண் திரும்பியது. தையல் போட்ட தழும்பு, கம்பி குத்திய இடத்தில் கறுத்துப் போன புள்ளி, வளைந்து வளர்ந்திருந்த நகம் எல்லாவற்றையும் அவன் அப்போதுதான் பார்த்தான். பார்த்ததும் அழுதான். சத்தமே இல்லாமல், மூக்கிலிருந்து சொட்டச் சொட்ட அழுதான்.

“நான் பாக்கலை” என்றான். “நீ குனிஞ்சதை நான் பாக்கவே இல்லை.”

இந்த ஒரு வார்த்தைக்காக அவள் எவ்வளவு நாள் காத்திருந்தாள்! வந்ததும் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைத்திருந்தாள். அடங்கவில்லை. கோபம் தன் இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. இப்போது இவனைத் தேற்றும் வேலையும் என் தலையில்தானா என்று ஒரு புதுக் கோபமும் அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

“அழாத” என்றாள். “அழுதா கண்ணு மறைக்கும். தோலைப் பாரு.”

அவன் சட்டைத் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தான். அழுத்தினான். எரிச்சல் எழுந்தது. கயிறு இழுத்தது. அவள் மூச்சை விட்டாள்.

“வெளுக்குது” என்றான். கண் அசையவில்லை. பிறகு, “வலிக்குதா?” என்றான்.

விரல் நசுங்கிய நாளிலிருந்து அவன் அதைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

“வலிக்குது” என்றாள் கத்திரி. “மடக்கு.”